சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய பைபர் மோட்டார் படகு: எந்த வருடம், என்ன மாடல்?

ஓஎம்ஆர்வாசி (சனி, இரவு 9.40)

வணக்கம். படகைப் பற்றி எனக்கு அ, ஆ கூடத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரப்பாக்கத்தில் சித்தப்பா இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது, பக்கிங்காம் கால்வாயிலிருந்து நடக்கிற தூரம்தான். அதற்குள் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு பைபர் மோட்டார் படகு கிடக்கிறது. 1991-ல் ஏதோ ஏலத்தில் எடுத்தாராம். மூன்று முறை முட்டுக்காட்டுப் பக்கம் ஓட்டினாராம், நான்காவது முறை எஞ்சின் நின்று, துடுப்பும் இல்லாமல் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரை சேர்ந்தாராம். அன்றோடு சரி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு தானாகவே மிதந்து வெளியே வந்து காம்பவுண்டுச் சுவர் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. ஆறு பேர் சேர்ந்து இறக்கினோம். அதிலிருந்து சித்திக்கு அதன் மேல் ஒரு பக்தி, விற்கக் கூடாது என்கிறார்.

இப்போது இடத்தைக் கட்டுமானத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள், படகை என்ன செய்வது என்று பேச்சு வந்திருக்கிறது. அப்பா சொல்வது: "1965-ல் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன படகு." வந்து பார்த்த ஒரு பட்டறைக்காரர் இத்தாலிப் படகு என்றார், சீரமைக்க ஆறு லட்சம் என்றார், அப்புறம் அவரே அறுபதாயிரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அங்கேதான் எனக்கு சந்தேகம் வந்தது.

அளவு: நுனியிலிருந்து பின்பலகை வரை 15 அடிக்கு இரண்டு விரல் கூட. முன்பக்கம் மூடிய மேல்தளம், வளைந்த கண்ணாடி, வலப்பக்கம் ஸ்டீயரிங். வெளியே நீலப் பெயிண்ட், உரிந்த இடத்தில் பச்சை, அதற்கும் கீழே ஏதோ. எஞ்சின் ஜான்சன் அவுட்போர்டு, அதாவது பின்பலகையில் வெளியே மாட்டுகிற வகை. பெயர்ப்பலகை எதுவும் இல்லை. வருடத்தையும் மாடலையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

துருப்பிடித்தவன் (சனி, இரவு 10.25)

எஞ்சினிலிருந்து ஆரம்பியுங்கள், அதுதான் சுலபம். படகோடு அதைப் பிடித்து வைக்கும் இரும்பு அடைப்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அது போயிருந்தால் மேல்மூடியைக் கழற்றி எஞ்சின் பிளாக்கில் பாருங்கள், நாணயம் அளவில் ஒரு வட்ட அடைப்பான் இருக்கும், அதிலும் எண் அடித்திருப்பார்கள்.

1980-க்குப் பிந்திய ஜான்சன், எவின்ரூட் எல்லாவற்றுக்கும் ஒரு ரகசிய வார்த்தை உண்டு: 'இன்ட்ரொட்யூசஸ்'. ஆங்கிலத்தில் பத்து எழுத்து, முதல் எழுத்துக்கு 1, அடுத்ததுக்கு 2, அப்படியே போய் கடைசி எழுத்துக்கு 0. ஆர் என்றால் 4, யூ என்றால் 7, சி என்றால் 8, ஈ என்றால் 9. மாடல் எண்ணின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய இரண்டை எடுத்தால் வருடம். 1980-க்குச் சற்று முந்திய ஜான்சனாக இருந்தால் மூளையைக் கசக்க வேண்டாம், கடைசி இரண்டு இலக்கமே வருடம். 40ஈ75 என்றால் 40 குதிரைத்திறன், 1975.

காசிமேட்டான் (சனி, இரவு 11.05)

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. நம் கரையில் பைபர் போட்டு என்றால் தொண்ணூறு சதவீதம் நம் ஆட்களே அச்சு எடுத்துப் போட்டதுதான். சுனாமிக்கு அப்புறம் கட்டுமரம் போய் எல்லாம் பைபர் ஆகிவிட்டது, அப்போது தெருவுக்குத் தெரு யார்ட். வெளிநாட்டுப் படகு ஒன்று கிடைத்தால் அதன் மேலேயே மெழுகு தடவி அச்சு எடுத்து இருபது போட்டுவிடுவார்கள். பார்த்தால் அசலா நகலா என்று அம்மாவுக்கே தெரியாது. 1965 எல்லாம் கதை.

பாய்மரக்கிறுக்கன் (ஞாயிறு, காலை 6.50)

காசிமேட்டான் அண்ணே, சுனாமி 2004. இவர் சித்தப்பா வாங்கியது 1991. உங்கள் கணக்கில் படகு பிறப்பதற்கு முன்பே ஏலம் போயிருக்கிறது :)

அதற்கு முன்பும் இங்கே பைபர் இருந்தது. வங்காள விரிகுடாத் திட்டம் என்ற ஐ.நா. மீன்பிடித் திட்டம் 1979-ல் மெட்ராஸைத் தலைமையிடமாக வைத்து ஆரம்பித்தபோதே கரையில் ஏற்றி இறக்கும் படகுகளை பைபரில் செய்து பார்த்தார்கள். ஆனால் அவை திறந்த மீன்பிடிப் படகுகள், வலை போட இடம் வேண்டும் இல்லையா. மூடிய மேல்தளமும் வளைந்த கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் வைத்து அன்றைக்கு இங்கே யார் செய்தார்கள்? இது 'ரன்அபவுட்' வகை, குடும்பத்தோடு ஏரியில் சுற்றுகிற படகு.

1965 என்பதையும் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட வேண்டாம். பாலியெஸ்டர் ரெசினில் பைபர் படகை அமெரிக்காவில் ரே கிரீன் என்பவர் 1942-லேயே செய்துவிட்டார். 1950-களின் கடைசியில் வந்தவற்றில் கார் மாதிரி வால் சிறகெல்லாம் இருக்கும். உங்கள் படகின் பின்பக்கம் அப்படித் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, தட்டையா?

ஓஎம்ஆர்வாசி (ஞாயிறு, பகல் 1.15)

தட்டைதான், சிறகு எதுவும் இல்லை.

எஞ்சின் தகடு கிடைத்துவிட்டது! பாதி அரித்திருந்தது, வட்ட அடைப்பானில் தெளிவாக இருந்தது: ஜே25ஈசிஆர்எஸ். கடைசி எழுத்தை விட்டால் சி, ஆர். 8, 4. அப்படியானால் 1984! அப்பாவிடம் சொன்னேன், முகம் வாடிவிட்டது. ஆக படகு 1984 என்று வைத்துக்கொள்ளலாமா?

துருப்பிடித்தவன் (ஞாயிறு, பகல் 2.00)

எஞ்சின் 1984. படகு 1984 என்று நான் சொல்லவில்லையே. அவுட்போர்டு என்பது இரண்டு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடுகிற சமாச்சாரம், மாப்பிள்ளை வயதை வைத்துப் பெண்ணின் வயதைச் சொல்ல முடியுமா?

இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, 25 குதிரைத்திறன். அந்தக் காலத்து 15 அடி ரன்அபவுட்டுக்கு 50, 60 போடுவது சாதாரணம். 25 என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இரண்டாவது, உங்கள் எண்ணில் ஈ இருக்கிறது, அது பேட்டரி ஸ்டார்ட். அதற்குப் பிறகு எல் இல்லை. எல் இருந்தால் நீளத் தண்டு, 20 அங்குலம். இல்லாவிட்டால் குட்டைத் தண்டு, 15 அங்குலம். எஞ்சின் உட்காரும் இடத்தில் பின்பலகை எவ்வளவு உயரம், அந்த வெட்டு எப்படி இருக்கிறது, அளந்து சொல்லுங்கள். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், வழவழப்பா சொரசொரப்பா.

ஓஎம்ஆர்வாசி (ஞாயிறு, மாலை 5.30)

15 அங்குலம் சரியாக. விளிம்பு சொரசொரப்பு, ரம்பத்தின் பல் தடம்கூடத் தெரிகிறது. மேலே ஏதோ கருப்பாகத் தார் மாதிரி பூசியிருக்கிறார்கள். அதைச் சுரண்டியபோது உள்ளே பிளைவுட் தெரிந்தது. உட்பக்கம் எஞ்சின் திருகு கடிக்கிற இடத்தில் ஒரு பலகை, அதில் ஐஎஸ்ஐ முத்திரை! ஐஎஸ் 710 என்று தெளிவாக இருக்கிறது. இப்போது காசிமேட்டான் அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று தோன்றுகிறது.

காசிமேட்டான் (ஞாயிறு, மாலை 5.42)

பார்த்தாயா. ஐஎஸ் 710 நம் ஊர் மரைன் பிளை. அமெரிக்காக்காரன் ஐஎஸ்ஐ முத்திரை குத்தி அனுப்புவானா? முடிந்தது கதை.

ரெசின்வாசம் (ஞாயிறு, இரவு 8.10)

முடியவில்லை அண்ணே. பலகை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி, என்ன பலகை என்பது அப்புறம்.

ஓஎம்ஆர்வாசி, அந்த ரம்பம் போட்ட விளிம்பு உங்களுக்கு அதிர்ஷ்டம். பின்பலகையின் குறுக்குவெட்டே வெளியே தெரிகிறது, கேக் வெட்டின மாதிரி. வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பாருங்கள். முதலில் வண்ணப் பூச்சு, அப்புறம் ஜெல்கோட் (பைபருக்கு மேல் இருக்கும் நிறமுள்ள ரெசின் தோல்), அப்புறம் பைபர், அப்புறம் மரம், அப்புறம் மறுபடி பைபர். இந்த இரண்டு பைபருக்கு நடுவில் அடைபட்டிருப்பது பிறந்தபோதே வைத்த மரம். அதற்கும் உள்பக்கம், பைபருக்கு வெளியே ஒட்டியோ போல்ட் போட்டோ இருப்பது பிற்காலத்துக் கை. முத்திரை எந்தப் பலகையில் இருக்கிறது?

அப்புறம் ரெசின் நிறத்தையும் கவனியுங்கள். பழையது தேன் நிறத்துக்கு, சில சமயம் கருப்பட்டி நிறத்துக்கே போயிருக்கும். பிற்பாடு போட்டது அதற்குப் பக்கத்தில் பச்சையாகவோ வெளுப்பாகவோ தனியாகத் தெரியும்.

ஓஎம்ஆர்வாசி (திங்கள், இரவு 7.50)

ஆபீஸ் முடிந்து டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான். தேன் நிற பைபர், நடுவில் கருத்துப்போன மரம் (விரல் நகம் பதிகிறது, ஈரம்), மறுபடி தேன் நிற பைபர். முத்திரை இருக்கும் பலகை இதற்கெல்லாம் உள்ளே, நான்கு போல்ட்டில் தனியாக நிற்கிறது. போல்ட் தலையில் வாஷருக்குப் பதில் ஒரு சைக்கிள் பாகத்தை வைத்திருக்கிறார்கள், என்ன என்று தெரியவில்லை.

துருப்பிடித்தவன் (திங்கள், இரவு 8.15)

ஆகவே நடந்தது இது. 20 அங்குலப் பின்பலகை கொண்ட படகு, அதன் சொந்த எஞ்சின் போய்விட்டது. யாரோ கையில் கிடைத்த குட்டைத் தண்டு 25-ஐ மாட்டுவதற்காக ஐந்து அங்குலம் அறுத்து, பலவீனமான இடத்தில் நம் ஊர் பிளை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சினும் முத்திரைப் பலகையும் படகின் இரண்டாம் வாழ்க்கையைச் சொல்கின்றன. பிறப்பைச் சொல்லவில்லை.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: பின்பலகையை ஐந்து அங்குலம் இறக்கிய படகில் வேகத்தைச் சட்டென்று குறைத்தால் பின்னால் வருகிற அலை நேராக உள்ளே ஏறும். உங்கள் சித்தப்பா கையால் தள்ளிக் கரை சேர்ந்தது புண்ணியம்.

சும்மா_பார்வை (திங்கள், இரவு 8.40)

நான் படகே பார்த்ததில்லை, மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவதோடு சரி. ஆனால் இந்த இழையை சீரியல் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு?

பாய்மரக்கிறுக்கன் (செவ்வாய், காலை 6.30)

பிறப்புச் சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1972 நவம்பர் 1 முதல் ஒவ்வொரு படகின் உடலிலும் 12 எழுத்து, எண் கொண்ட அடையாள எண் கட்டாயம். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளர், அடுத்த ஐந்து வரிசை எண், கடைசி நான்கு தேதி. உங்கள் படகு அமெரிக்கப் படகாக இருந்து, இந்த எண் இருந்தால் 1972-க்குப் பிந்தியது, அப்பாவின் 1965 அடிபடும். அமெரிக்கப் படகில் எண்ணே இல்லை என்றால் 1965-க்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஐரோப்பாவாக இருந்தால் சிஇ தகடு (ஐரோப்பியத் தரக்குறி), அது 1998 ஜூனுக்கு அப்புறம்தான் கட்டாயம் ஆனது, உங்களுக்குப் பொருந்தாது.

எங்கே தேடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பின்பலகையின் வெளிப்பக்கம், வலது மேல் மூலை. மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள், இல்லை அடி உடலும் மேல்தளமும் சேரும் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள், எது தாழ்வோ அங்கே. எழுத்து கால் அங்குலம்தான் உயரம், மூன்று கோட்டிங் பெயிண்ட் அதை முழுங்கிவிடும். உள்ளே இன்னொரு நகல் எண் இருக்குமே என்று தேடாதீர்கள், அந்த விதி 1984 ஆகஸ்டில்தான் வந்தது.

கூடவே ஸ்டீயரிங் பக்கம் பாருங்கள். 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் என்று ஒரு தகடு அதே 1972 முதல் கட்டாயம். தகடு போயிருந்தாலும் அதை அடித்த ஓட்டை இருக்கும்.

ஓஎம்ஆர்வாசி (செவ்வாய், இரவு 9.05)

வலது மேல் மூலையைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் உள்சுவரில் நான்கு ஓட்டை, உள்ளங்கை அளவு செவ்வகமாக. நடுவில் உள்ள இடம் மட்டும் சுற்றியுள்ளதைவிடப் பளிச்சென்று இருக்கிறது, கோலம் போட்டு அழித்த தரை மாதிரி.

பாய்மரக்கிறுக்கன் (செவ்வாய், இரவு 9.20)

அந்த நான்கு ஓட்டை போதும், எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மூலையில் தேய்த்தது மேல்தளப் பகுதியையா, அடி உடலையா? இரண்டும் சேருமிடத்தில் படகைச் சுற்றி ஒரு பட்டை ஓடுமே, அதற்குக் கீழே பார்த்தீர்களா?

ஓஎம்ஆர்வாசி (செவ்வாய், இரவு 9.33)

பட்டைக்கு மேலேதான் தேய்த்தேன். கீழே பார்க்க முடியாது. படகைச் சுற்றிலும் பழைய லாரி டயரை நான்கு விரல் அகலத்துக்கு அறுத்து ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள், இடிபடாமல் இருக்க.

ரெசின்வாசம் (செவ்வாய், இரவு 9.36)

டயரைக் கழற்று தம்பி!!!

ஆணியைப் பிடுங்காதே, பைபர் பிய்ந்து வரும். தலையை வெட்டிவிட்டு ரப்பரை உருவு. பெயிண்ட் ரிமூவர் தடவவே கூடாது, அது பெயிண்டோடு ஜெல்கோட்டையும் சாப்பிட்டுவிடும், எண் இருந்த இடம் கூழாகிவிடும். தண்ணீர் தொட்டு 220 வாட்டர் பேப்பரில் ஆரம்பி, எழுத்தின் விளிம்பு தட்டுப்பட்டதும் 400-க்குப் போய்விடு. மின்சார மெஷினைத் தொடாதே. முழுக்கைச் சட்டை, மாஸ்க். முன்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள், இல்லாவிட்டால் பைபர் தூசி இரண்டு நாளைக்குச் சுணைக்கும். முடித்ததும் பச்சைத் தண்ணீரில் குளி, வெந்நீர் வேண்டாம்.

ஓஎம்ஆர்வாசி (சனி, பகல் 12.45)

நான்கு நாள் காத்திருந்து இன்று காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். அப்பாவும் வந்தார், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை.

டயரை உருவ ஒரு மணி நேரம். பின்னால் ஒரு குடும்பமே வாழ்ந்திருக்கிறது, எறும்பு, பல்லி முட்டை, 2015 சேறு காய்ந்து செங்கல்லாக. கழுவிவிட்டு வாட்டர் பேப்பர் போட ஆரம்பித்தேன். நீலம், பச்சை, அப்புறம் ஒரு சாம்பல் நிற பிரைமர், அதற்கும் கீழே பால் வெள்ளை. அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்பா "விடுடா, டீ குடிக்கலாம்" என்றார். அப்போது விரலில் ஏதோ நெருடியது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது, கத்தரிப்பூ நெளிவு மாதிரி ஒரு வளைவு.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுகிறது, ஆனால் படிக்க வரவில்லை. அப்பா வங்கியில் இருந்தவர், கல்வெட்டுப் பைத்தியம், கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போல எடுத்துப் பார் என்றார். மேலே பட்டர் பேப்பரை வைத்து, சித்தியிடம் கண் மை வாங்கி விரலில் தொட்டு லேசாக ஒற்றினேன். எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. கை நடுங்கியது, உண்மையாகவே.

முதல் மூன்று: ஜி, எல், ஏ. நடுவில் ஐந்து எழுத்து, எண், அதில் ஒன்று ஓ-வா பூஜ்யமா என்று குழப்பம். கடைசி நான்கு: எம் 75 சி. முழு எண்ணையும் இங்கே போடட்டுமா?

துருப்பிடித்தவன் (சனி, பகல் 12.58)

வேண்டாம், நடு ஐந்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சேஸிஸ் நம்பரை யாராவது ஊருக்கெல்லாம் போடுவார்களா? அது பூஜ்யம்தான், வரிசை எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்றையும் பயன்படுத்தக் கூடாது என்றே விதி.

எம் 75 சி. 1975 மாடல், சி மூன்றாவது எழுத்து, ஆகவே மார்ச். 1975 மார்ச். வாழ்த்துகள்!

பாய்மரக்கிறுக்கன் (சனி, பகல் 1.20)

வருடத்தில் ஒரு திருத்தம். நீங்கள் சொல்வது 1984 ஆகஸ்டுக்குப் பிந்திய முறை, அதில்தான் ஏ என்றால் ஜனவரி. அந்த முறையில் கடைசி நான்கு சி585 மாதிரி இருக்கும், அதாவது 1985 மார்ச்சில் கட்டியது, 85 மாடல். எம்-ல் தொடங்குவது பழைய முறை. படகு வியாபாரத்தில் புதிய மாடல் வருடம் ஆகஸ்டில் பிறக்கும், ஆகவே அதில் ஏ என்றால் ஆகஸ்ட், பி செப்டம்பர், சி அக்டோபர். அக்டோபர் என்றால் மாடல் வருடத்துக்கு முந்தைய காலண்டர் வருடம். உங்கள் படகு 1975 மாடல், கட்டியது 1974 அக்டோபர். இன்னொரு பழைய முறையும் இருந்தது, நேராக 1074 என்று மாதமும் வருடமும் போடுவது, அதில் இந்தக் குழப்பமே இல்லை.

ஜிஎல்ஏ என்பது கிளாஸ்ட்ரான். டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் 1956-ல் தொடங்கிய கம்பெனி. இத்தாலிக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. தயாரிப்பாளர் எழுத்துகளின் முழுப் பட்டியல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் பொதுவில் இருக்கிறது, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். பாஸ்டன் வேலர் என்றால் பிடபிள்யூசி, சீ ரே என்றால் எஸ்ஈஆர், இப்படி.

துருப்பிடித்தவன் (சனி, பகல் 1.31)

அட ஆமாம். அவுட்போர்டுக்காரன் படகில் கைவைத்தால் இப்படித்தான். திருத்தத்துக்கு நன்றி.

காசிமேட்டான் (சனி, பகல் 2.10)

அச்சு எடுத்தால் எண்ணும் சேர்ந்தே அச்சில் விழும் தம்பி. நகலிலும் அதே எண் வரும். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ரெசின்வாசம் (சனி, பகல் 2.45)

நியாயமான கேள்வி, இதை நான் எதிர்பார்த்தேன். எண் குழிந்து இருக்கிறதா, மேடாக இருக்கிறதா? குழிவென்றால் அதன் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெளியே எடுத்த பிறகு வெட்டியது என்றால் விளிம்பு கூர்மை, ஜெல்கோட்டைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். அச்சிலிருந்து வந்தது என்றால் விளிம்பு மழுங்கி, ஜெல்கோட் குழிக்குள்ளும் வழவழப்பாக ஓடியிருக்கும். அப்புறம் மேல்தளத்தில் ஒரு சின்ன இடத்தில் பெயிண்டைத் தேய்த்து அடியில் என்ன நிறம் என்று சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்வாசி (ஞாயிறு, காலை 11.20)

அப்பாவின் கல்வெட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குழிவுதான், விளிம்பு கூர்மை. ஜி-யின் வாலில் வெள்ளை ஜெல்கோட் கிழிந்து அடியில் தேன் நிறம் தெரிகிறது.

மேல்தளம்... இதை எப்படிச் சொல்வது. கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாண் இடம் தேய்த்தேன். பச்சைக்கு அடியில் பழுப்பு வந்தது, 600 பேப்பர் போட்டுத் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். வெயில் அப்போதுதான் கொட்டகைக்குள் சாய்ந்தது. உள்ளே பொன் துகள் துகளாக மின்னுகிறது, மேலே தூவினது இல்லை, ஆழத்தில், பட்டுப் புடவை ஜரிகையைக் கண்ணாடிக்குள் போட்ட மாதிரி. சித்தி ஓடிவந்து பார்த்துவிட்டு "நான் அப்பவே சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

காசிமேட்டான் (ஞாயிறு, காலை 11.48)

சரி. ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வருடமாக ரெசின் கலக்குகிறேன், ஜெல்கோட்டுக்குள் மினுக்கு போட்டு மீன் பிடிக்கப் போனவனை நான் பார்த்ததில்லை. இது நம் யார்ட் சரக்கு இல்லை.

பாய்மரக்கிறுக்கன் (ஞாயிறு, பகல் 12.15)

மெட்டல்ஃப்ளேக்! 1960, 70-களில் அமெரிக்க ரன்அபவுட்களில் அதற்கு ஒரு மோகமே இருந்தது, கிளாஸ்ட்ரான் அதற்குப் பெயர் போனது.

இனி மாடல். அந்தக் காலத்துக் கிளாஸ்ட்ரான்களில் முதலில் எழுத்து, அப்புறம் மூன்று இலக்கம், அதில் முதல் இரண்டு அடிக்கணக்கில் நீளம். ஜிடி-150, வி-156, வி-174 என்று. உங்கள் 15 அடி இரண்டு விரல் இதோடு ஒத்துப்போகிறது. முன்னெழுத்தும் மூன்றாவது இலக்கமும்தான் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பின்பாதியில் உலோகச் சின்னம் இருந்த தடம் தேடுங்கள். சின்னம் மூடியிருந்த இடத்தில் வெயில் படாததால் ஜெல்கோட் கொஞ்சம் அடர்ந்து நிற்கும், தகட்டைப் பொருத்திய ஊசி ஓட்டைகளும் இருக்கும். ஈரத் துணியால் துடைத்தவுடனே பார்க்க வேண்டும், காய்ந்தால் மறைந்துவிடும்.

ஓஎம்ஆர்வாசி (ஞாயிறு, மாலை 6.10)

இடப்பக்கத்தில் இருந்தது! வி, ஒரு கோடு, 1, 5. மூன்றாவது இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ பெரிய கொக்கி ஒன்றை மாட்டி ஓட்டை போட்டிருக்கிறார்கள். மிச்சம் தெரிவது அடியில் இடப்பக்கம் திறந்த ஒரு வளைவா, மூடிய வட்டமா என்று சொல்ல முடியவில்லை. வலப்பக்கத்தில் அந்த இடமே பட்டி பூசி மூடிக்கிடக்கிறது.

பாய்மரக்கிறுக்கன் (ஞாயிறு, மாலை 6.40)

வி என்றால் ஜிடி அடிபட்டது, நல்லது. மூன்றாவது இலக்கத்துக்கு 1975 மாடலின் விற்பனைக் கையேட்டைப் பார்க்க வேண்டும், பழைய கையேடுகளை ஸ்கேன் செய்து போடும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அகலத்தை வைத்துப் பிடியுங்கள். டயரெல்லாம் எடுத்த பிறகு அதிக அகலமான இடத்தில் நூல் கட்டி அளங்கள். நீளத்தை அணியத்தின் (முன்முனையின்) நுனி இரும்புக் கொக்கியைச் சேர்க்காமல் எடுங்கள். முன்னால் நடுவில் கதவு வைத்து உட்காரும் அமைப்பு இல்லாமல் முழுக்க மூடிய மேல்தளம் என்பதே பாதி மாடல்களைத் தள்ளிவிடும். வலப்பக்கப் பட்டியையும் 400-ல் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள், பட்டி போட்டவன் அடியைச் சுரண்டாமல் போட்டிருந்தால் இலக்கம் பத்திரமாக இருக்கும்.

ரெசின்வாசம் (ஞாயிறு, இரவு 7.30)

மாடலைப் பிடிப்பதற்குள் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகு முழுக்கத் தட்டிவிடு தம்பி, மண்சட்டி வாங்கும்போது தட்டுவோமே அப்படி. 'டக்' என்றால் உயிர், 'தொப்' என்றால் உள்ளே மரம் போய்விட்டது. சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வா. பின்பலகை எப்படியும் மாற்ற வேண்டும், நகம் பதிகிறது என்றாயே. மாற்றும்போது அறுத்த ஐந்து அங்குலத்தையும் திருப்பிக் கட்டி 20 ஆக்கிவிடு. உட்பக்கமாகச் செய், வெளிப்பக்கத்து ஜெல்கோட்டில் கை வைத்தால் அந்த எண்ணும் போய்விடும். பைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ரெசின் எல்லாம் பாரிமுனையில் கிடைக்கும், பீப்பாயாக வாங்காதே, நம் வெயிலில் மிச்சம் கட்டியாகிவிடும்.

துருப்பிடித்தவன் (ஞாயிறு, இரவு 7.52)

அந்த 25-ஐ மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். படகுக்குச் சரிப்படாது, ஆனால் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தால் குட்டைத் தண்டுக்குக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நீர் பம்பு இம்பெல்லரை மாற்றாமல் ஸ்டார்ட் செய்து பார்க்கிற வேலை வேண்டாம், முப்பது வருட ரப்பர் பிஸ்கட் ஆகியிருக்கும். ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஆயில்.

சும்மா_பார்வை (ஞாயிறு, இரவு 8.05)

அப்பா என்ன சொன்னார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஓஎம்ஆர்வாசி (ஞாயிறு, இரவு 9.30)

வலப்பக்கப் பட்டியை அடுத்த சனிக்கிழமை தேய்க்கிறேன். நாணயத்தால் தட்டிவிட்டேன், பின்பலகை முழுக்கத் 'தொப்', தரையில் இரண்டு வட்டம், மற்றதெல்லாம் 'டக்'. பட்டறைக்காரர் மறுபடி போன் செய்தார், எழுபத்தைந்தாயிரம் என்றார். இத்தாலி எந்தப் பக்கம் என்று கேட்டேன், வைத்துவிட்டார்.

அப்பாவிடம் 1974 அக்டோபர் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மைப்படிக் காகிதத்தை எடுத்து மடிக்காமல் டைரிக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "டேய், நீ அறுபத்தஞ்சுன்னு சொல்லித்தானேடா அன்னைக்கு எங்கிட்ட ஆயிரம் ரூபா வாங்கினே" என்று ஆரம்பித்தார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.